தம்பியின் வள்ளத்துக்கு ஒரு ஜிபிஎஸ்

அன்புள்ள மகனுக்கு,

லீவுக்கு வரும்போது தம்பியின் வள்ளத்துக்குக் கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் ஒன்று வாங்கி வருகிறேன், எது வாங்கட்டும் என்று கேட்டிருந்தாய். அதையே மஸ்கட்டில் நீங்கள் கூட்டமாக மலையேறப் போகும்போதும் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன், மக்களே. கடைக்குப் போகும்போது இதைக் கையோடு கொண்டு போ.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சாட்டிலைட் வழியாகச் சேதி அனுப்பும் வசதி உள்ள கருவியை வாங்கவே வாங்காதே. கார்மின் கம்பெனியில் அதற்கு இன்ரீச் என்று பெயர். மாடல் எண்ணின் கடைசியில் ஆங்கில ‘ஐ’ எழுத்து இருந்தால் அந்த வகை என்று வைத்துக்கொள்: 66ஐ, 67ஐ, 86ஐ. இந்தியாவில் சாட்டிலைட் போனும் இதுபோன்ற கருவியும் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். பெட்டிக்குள் இன்ரீச் இருந்ததற்காக விமான நிலையத்தில் பிடித்துப் போலீசில் ஒப்படைத்திருக்கிறார்கள். சேதி அனுப்பாமல் சாட்டிலைட்டிலிருந்து வாங்க மட்டும் செய்கிற சாதாரண ஜிபிஎஸ் அப்படியல்ல, அது நம் ஊரிலேயே கடையில் விற்கிறது. கடைக்காரர் இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, இதுதான் புதுசு, பாதுகாப்புக்கு நல்லது என்று சொல்வார். நீ மாடல் எண்ணை அட்டைப்பெட்டியிலேயே படித்துவிட்டு முடிவு செய்.

இனி வள்ளத்துக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். ஃபைபர் வள்ளத்தில் அறை கிடையாது, கூரை கிடையாது. மேலே வெயில், பக்கத்திலிருந்து உப்புத் தண்ணி, கையில் இரைமீனின் வழுவழுப்பு. இந்த மூன்றையும் தாங்காத கருவி எவ்வளவு விலை என்றாலும் நமக்கு ஆகாது. தொட்டு இயக்கும் திரை வேண்டாம். அதன்மேல் தண்ணீர்த் துளி விழுந்தால் விரல் பட்டதாக நினைத்துக்கொண்டு படம் தானாக ஓடும், ஈர விரலால் தொட்டால் கேட்காது. பட்டன் வைத்ததே வாங்கு. பட்டன் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிப் பார், விரலுக்குத் தனித்தனியாகத் தெரியவேண்டும். திரையைக் கடை விளக்கில் பார்த்து மயங்காதே. மத்தியான வெயிலில் கடை வாசலுக்கு எடுத்துவந்து பின்விளக்கை அணைத்துப் பார். நல்ல திரை வெயில் பட்டால் இன்னும் தெளியும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கருவியைப் படுக்கவும் நிமிர்த்தியும் திருப்பிப் பார். சில கண்ணாடிகளுக்குத் திரை ஒரு பக்கம் திரும்பினதும் கறுத்துப் போகும்.

மிதக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதே. ஐபிஎக்ஸ்7 என்று அட்டையில் போட்டிருப்பது மிதப்பதற்கான குறி இல்லை. 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்பதற்கான அளவு அது, சோதிப்பதும் நல்ல தண்ணீரில். நாம் மீன் பிடிக்கிற பார், அந்தக் கடலடிப் பாறை, கிடப்பது 25, 30 பாகத்தில்; ஒரு பாகம் 6 அடி. கை நழுவினால் அந்த 1 மீட்டர் கணக்கு எதற்கும் உதவாது. கார்மினில் ஈட்ரெக்ஸ் வகைகள் மலைக்கு அருமையானவை, ஆனால் மிதக்காது. அதன் சின்னக் குச்சிப் பட்டனை வழுக்கும் கையால் நகர்த்துவதும் பாடு. மிதப்பவை ஜிபிஎஸ் 73, ஜிபிஎஸ்மேப் 78, 79, 86 வரிசைகள். மிதக்கிறது என்று கம்பெனி சொல்வது, உள்ளே சரியான பேட்டரி போட்டு, மூடி சரியாக மூடியிருந்தால்தான். அதில் இரும்புக் கொக்கியும் சாவிக்கொத்தும் மாட்டினால் அதுவும் தாழும். நைலான் கயிறு மட்டும் போதும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வள்ளத்துக்கு மட்டும் என்றால் ஜிபிஎஸ் 73 போதும். கறுப்பு வெள்ளைத் திரை, வரைபடம் கிடையாது, இடத்தைப் புள்ளியாகப் போட்டு வைக்கும், போகும் வழி சொல்லும். உன் மலைக்கும் ஆகவேண்டும் என்றால் ஜிபிஎஸ்மேப் 79எஸ். 3 இன்ச் கலர் திரை, பட்டன், மிதக்கும், 2 பென்சில் பேட்டரியில் ஓடும், மெமரி கார்டு போடலாம், நின்ற இடத்திலேயே திசை காட்டும் காம்பஸ் உள்ளே இருக்கிறது. அதே 79இல் கடல் வரைபடம் சேர்த்த மாடலுக்குக் கூடுதலாகக் கேட்டால், எந்தக் கடலின் வரைபடம் என்று கேள். வேறு நாட்டுக் கரையின் படத்துக்குக் காசு கொடுக்காதே.

அந்தக் காம்பஸ் ஏன் என்றால், சாதாரண ஜிபிஎஸ் நீ நகர்ந்தால்தான் திசையைக் கண்டுபிடிக்கும். எஞ்சினை அணைத்து வள்ளம் நீவாட்டில், அதாவது கடல் நீரோட்டத்தில், மெல்ல ஒழுகும்போது அம்பு வள்ளத்தின் முகத்தைக் காட்டாது, ஒழுகும் திக்கைக் காட்டும். தெரியாதவனுக்கு அது பைத்தியம் பிடித்தது போலத் தோன்றும். தெரிந்தவனுக்கு அதுவே பயன். எஞ்சினை அணைத்து 5 நிமிடம் வேகத்தையும் திக்கையும் பார்த்தால், காற்றும் நீவாடும் சேர்ந்து வள்ளத்தை எங்கே தள்ளுகிறது என்று எண்ணாகவே தெரிந்துவிடும். காம்பஸ் உள்ள கருவியை பேட்டரி மாற்றும்போதும், மஸ்கட்டிலிருந்து இங்கே கொண்டு வந்ததும் திரும்பச் சரிசெய்யவேண்டும். அதைக் கரையில், இரும்பும் எஞ்சினும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யச் சொல். ஊருக்கு வந்து முதல்முறை போடும்போது சாட்டிலைட்டைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடம் கூடுதலாக எடுக்கும். திறந்த வானத்தின் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

பேட்டரி கழற்றி மாட்டுவதையே வாங்கு. வள்ளத்தில் சார்ஜ் போட இடமில்லை. 18, 19 மணி நேரம் என்று கம்பெனி சொல்வது பின்விளக்கைக் குறைத்து வைத்தால். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற மலிவு செல்லைப் போட்டால் சீக்கிரம் தாழ்ந்துவிடும். அல்கலைன் அல்லது ரீசார்ஜ் செல் போடவேண்டும். எந்த வகை என்று மெனுவில் மாற்றிவிடவும் வேண்டும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. மாற்றாவிட்டால் பேட்டரி அளவு பொய்யாகக் காட்டும். கடலுக்குப் போகாத மாதங்களில் செல்லைக் கழற்றி வைக்கவேண்டும். கசிந்தால் ஸ்பிரிங் அரித்துப் போகும்.

கடையில் பின்மூடியைத் திருகித் திறந்து பார். உள்ளே ஓரம் சுற்றி ரப்பர் வளையம் ஓடும். அதன்மேல் விரல்நுனியை ஒரு சுற்று ஓட்டு. வெட்டு, சுருக்கம், மேடு எதுவும் தட்டக்கூடாது. கருவி கெடுவது பெரும்பாலும் இங்கேதான், மக்களே. ஒரு மணல் பருக்கை அந்த வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே உட்கார்ந்தால் போதும், உப்புத் தண்ணி உள்ளே ஊறும். ஒரு வாரத்தில் ஸ்பிரிங் நுனி பச்சை பூக்கும். பிறகு அலை அடித்து வள்ளம் குலுங்கும்போதெல்லாம் கருவி அணைந்து அணைந்து எரியும். கருவி போய்விட்டது என்று தம்பி நினைப்பான், போனது தொடர்பு மட்டும். ஆகவே செல் மாற்றுவது கரையில், காய்ந்த கையால், வளையத்தைத் துணியால் துடைத்துவிட்டு. யுஎஸ்பி துளையின் ரப்பர் அடைப்பானும் அப்படித்தான், பாதி திறந்திருந்தாலும் வெளியே தெரியாது. ஒவ்வொரு நாளும் கரை வந்ததும் எல்லா மூடியும் மூடியபடி நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வைக்கட்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கக் கூடாது, பிளாஸ்டிக்கும் திரையும் மங்கிப் போகும்.

கருவியை எடுத்ததும் செட்டிங்கில் மூன்றைப் பாருங்கள். தூரம் கடல் மைல், வேகம் நாட். டேட்டம், அதாவது இடத்தைக் கணக்கிடும் அடிப்படை, டபிள்யூஜிஎஸ் 84. மூன்றாவதாக, புள்ளியை எழுதும் முறை. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். டிகிரி, மினிட், செகண்டு என்று ஒரு முறை. டிகிரி, மினிட், மினிட்டில் தசமம் என்று இன்னொரு முறை. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கொடுக்கும் மீன்வளப் பகுதி அறிவிப்பில் 7 டிகிரி 48 மினிட் 36 செகண்டு என்று வருவதாக வைத்துக்கொள். கருவி தசமத்தில் இருந்தால் தம்பி 48.36 என்று அடித்துவிடுவான். சரியான எண் 48.600. செகண்டை 60ஆல் வகுக்கவேண்டும். வித்தியாசம் 0.24 மினிட். வடக்கு தெற்கில் 1 மினிட் 1 கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஆக 444 மீட்டர் தள்ளி நிற்பான். தூண்டில் போடுகிறவனுக்கு 444 மீட்டர் என்றால் பார் இல்லாத வெறும் மணல். நம் வீட்டில் எல்லாமே தசம மினிட்டில், மூன்று இலக்கம் வரை இருக்கட்டும். கடைசி இலக்கம் 2 மீட்டருக்கும் குறைவு, அது போதும். வாஸ் என்று மெனுவில் இருப்பதையும் போட்டு வைக்கலாம். நம் நாட்டில் அது ககன் சாட்டிலைட்டின் திருத்தத்தை வாங்கும்.

பாரைக் குறிக்கும் முறைதான் இதில் உயிர். நங்கூரம் போட்டுவிட்டு, மீன் கடிக்கத் தொடங்கினதும் மார்க் பட்டனை அமுக்குவது பழக்கம். அது தப்பு. 30 பாகத்தில் 80 பாகம் கயிறு விட்டால் நங்கூரம் கிடக்கும் இடத்துக்கும் வள்ளம் நிற்கும் இடத்துக்கும் 74 பாகம், ஏறத்தாழ 135 மீட்டர் இடைவெளி வரும். மறுநாள் நீவாடு மாறினால் அதே நங்கூரத்தில் வள்ளம் எதிர்ப்பக்கம் நிற்கும். அதனால் எஞ்சினை மெதுவாக விட்டு, ஈயக்குண்டு கல்லில் இடிப்பது கையில் தெரிகிற நேரத்தில், நேர் மேலே நிற்கும்போது குறிக்கவேண்டும். பாரின் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஓரங்களுக்குத் தனித்தனிப் புள்ளி. அப்போதுதான் அன்றைய நீவாட்டுக்கு எந்தப் பக்கம் நங்கூரம் போட்டால் வள்ளம் மேலே வந்து நிற்கும் என்று கணக்குப் போட முடியும். புள்ளியைச் சராசரி எடுத்துத் திருத்தும் வசதியை வள்ளத்தில் தொடவே கூடாது, அது அசையாமல் நிற்கிறவனுக்கு. ஆழத்தை இந்தக் கருவி சொல்லாது. அதற்கு எக்கோ சவுண்டர் தனி, அல்லது குண்டும் கயிறும்.

ஒவ்வொரு புள்ளியையும் அன்று இரவே நோட்டில் எழுதச் சொல்: எண், மினிட் கணக்கு, பாகம், அடியில் கல்லா சரலா, கிடைத்த மீன் கலவாவா விளமீனா, எந்த மாதம். கூடவே கரை தெரியும் நாளில் கணியமும், எந்தக் கோபுரத்துக்கு எந்த மலை நேராக வருகிறது என்று. கருவி கடலில் போனால் கருவி மட்டும் போகட்டும். மெனுவில் ஒரு புள்ளியை அழிப்பதும் எல்லாவற்றையும் அழிப்பதும் அடுத்தடுத்து இருக்கும். அதனால் மாதம் ஒருமுறை யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து வைக்கவேண்டும். கருவியை யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம். எடுத்துப் போகிறவன் புள்ளிகளையும் சேர்த்துத்தான் எடுத்துப் போவான்.

ஆள் கடலில் விழுந்தால் அமுக்கும் எம்ஓபி பட்டன் எது என்று கையேட்டில் பார்த்து, வள்ளத்தில் ஏறுகிற எல்லாரும் இரண்டு முறை அமுக்கிப் பழகட்டும். விழுந்த இடத்தைக் குறித்து, திரும்பும் வழியை அதுவே காட்டும். ஆனால் இது யாரையும் கூப்பிடாது, புயல் வருகிறது என்றும் சொல்லாது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் அன்று வழி தெரியாததல்ல நம் கரையின் குறை, சேதி போய்ச் சேராததுதான். எனவே விஎச்எஃப் வயர்லெஸ்ஸின் சேனல் 16, கடலோரக் காவல்படையின் 1554 போன் எண் இரண்டும் தனியாக வேண்டும். கூப்பிடும்போது புள்ளியை டிகிரி, மினிட் என்று நிறுத்திப் படிக்கவேண்டும், எழுதுகிறவர் திரும்பப் படித்துக் காட்டும் வரை விடக்கூடாது.

உன் மலைக்கு வருகிறேன். 79எஸ் அங்கே போதும். இலவசமாகக் கிடைக்கும் திறந்த வரைபடங்களைக் கார்டில் ஏற்றிக்கொள். வாடி என்று அங்கே சொல்கிற வறண்ட ஆற்றுப் பள்ளத்துக்குள் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் வானத்தை மறைத்துவிடும், சாட்டிலைட்டின் அலை சுவரில் மோதித் திரும்பி வரும், புள்ளி எதிர்க்கரைக்குத் தாவும். அப்படி ஒரு புள்ளியை நம்பிச் சரிவில் இறங்காதே. வானம் தெரியும் இடத்துக்கு வந்து பார். கூடாரம் போட்ட இடத்துக்குச் சராசரி எடுக்கலாம், ஒன்றரை மணி நேரம் விட்டு இன்னொரு முறை எடுத்தால் நன்றாக அமையும். நீ நிற்கும் புள்ளியை ரோட்டோடு ஒட்டிக் காட்டும் வசதியை அணைத்து வை.

பழசு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் தேதியைப் பார். 2019 ஏப்ரல் 6 அன்று ஜிபிஎஸ் வார எண் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அதற்குத் திருத்தம் செய்யாத கருவிகளில் இடம் சரியாக வரும், தேதி ஏறத்தாழ 20 வருடம் பின்னால் நிற்கும். தேதி தப்பினால் அதன் சூரிய உதயமும் பிறைக் கணக்கும் தப்பு. நமக்கு அது வேண்டாம்.

வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கு. 4 ரீசார்ஜ் செல்லும் அதற்கான சார்ஜரும் சேர்த்து வாங்கு. செல்லை மொத்தமாகக் கொட்டி எடுத்து வராதே, முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வை. கருவியையும் பில்லோடு கைப்பையிலேயே வைத்துக்கொள், கேட்டால் எடுத்துக் காட்ட வசதி. தம்பி இப்போதே பழைய நோட்டிலிருந்து புள்ளிகளைத் தசம மினிட்டுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். 17 முடிந்தது, இன்னும் 40 இருக்கிறது. நீ வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒருவன் படிக்க ஒருவன் அடித்து ஏற்றுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள், மக்களே. அம்மா கேட்டதாகச் சொன்னாள்.

அன்புடன்
அப்பா