வீட்டைத் தூக்கும் செலவு

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அறுவடை நேரத்தில் மழை கொட்டிய செய்தியைப் படித்து மனசு சங்கடப்பட்டது. டயர் வைத்த அறுவடை வண்டி சேற்றில் இறங்காது என்று பெல்ட் வைத்த வண்டிக்குக் கூடுதல் வாடகை, நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைக்க ஆள் கூலி, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதால் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்தது என்று எல்லாம் எழுதியிருந்தாய். 2023 பிப்ரவரி மழைக்குப் பிறகு ஈரப்பதம் 20 சதவீதம் வரை இருந்தாலும் வாங்கலாம் என்று தளர்த்தினார்கள். சரி, தளர்வு வரும்வரை மூட்டைகளை மூடிவைத்த தார்ப்பாய்க்குக் காசு கொடுத்தது நீதானே!

இங்கே எங்கள் தெருவில் வெள்ளம் உள்ளே வராமலிருக்க வீட்டையே தூக்கி உயர்த்துகிறார்கள். எதிர் வீட்டில் வேலை நடக்கிறது. அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டி, சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வரிசையாக ஜாக்கிகளைச் செருகியிருக்கிறார்கள். மேஸ்திரி குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் திருகுகிறார்கள். ஒருவன் பிந்தினாலும் சுவர் விரிசல் விட்டுவிடும். வேண்டிய உயரம் வந்ததும் அடியில் புதுச் சுவர் கட்டி ஜாக்கிகளை உருவ வேண்டும். அந்த வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது. பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

எல்லாப் பழியையும் பருவநிலை மாற்றத்தின் மேல் போட்டுவிட முடியாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் வீடுகள் பள்ளமாயின. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், 2022இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது சுமார் 1,250 ஹெக்டேர்தான். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். ஏற்கெனவே தண்ணீர் போக வழியில்லாத ஊரில் அந்தக் கூடுதல் மழை எங்கே போகும்?

அரசாங்கச் செலவுக்காவது கணக்கு இருக்கிறது. வடசென்னையில் கொசஸ்தலையாறு வடிநிலத்து வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வெள்ளத் தடுப்புக்கென்று 561 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. எதிர் வீட்டு ஜாக்கியும் உன் பெல்ட் வண்டியும் எந்தக் கணக்கில் வரும்? 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டார்கள். 2015 வெள்ளத்தையும் 2023 வெள்ளத்தையும் பார்த்தவர்கள், வேறென்ன செய்வார்கள்?

வளரும் நாடுகளுக்கு 2035 வாக்கில் பருவநிலை மாற்றத்தைச் சமாளித்துத் தங்களைக் காத்துக்கொள்ள ஆண்டுக்குக் குறைந்தது 31,000 கோடி டாலர் தேவைப்படும் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. 2023இல் வெளியிலிருந்து வந்த அரசு உதவி 2,600 கோடி டாலர்தான். மீதிக்கு நம்மைப் போன்றவர்கள் கைக்காசைப் போடுகிறோம், அல்லது நனைகிறோம்.

என்னை உறுத்துவது இன்னொன்று. எதிர் வீடு உயர்ந்தால் அங்கே நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கே தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். வீட்டைத் தூக்க அவருக்கு உரிமையும் இல்லை, பணமும் இல்லை. மிக்ஜாமுக்கு வந்த 6,000 ரூபாய் நிவாரணம் மெத்தைக்கும் மிக்ஸிக்குமே சரியாகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், சதுப்பு நிலத்தை மீட்பதற்கும் வாய்க்கால் தூர் வாருவதற்கும் பொதுப்பணம் முதலில் போக வேண்டும். அது ஒன்றுதான் சொந்த வீட்டுக்காரனையும் வாடகைக்காரரையும் சேர்த்துக் காப்பாற்றும்.

அப்புறம், எங்கள் நலச்சங்கத்தில் வீடு வீடாக இந்தச் செலவுகளை எழுதி வாங்கி வார்டு கூட்டத்தில் வைக்கப்போகிறோம். உங்கள் ஊரிலும் அதுபோல் செய்யலாமே? இந்த சம்பாவுக்கு மழையால் கூடுதலாக ஆன செலவை மட்டும் தனியாக எழுதி அனுப்பு. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி