கேமராவைக் கேரியரில் கட்டாதே

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது.

பொங்கலுக்குப் புதுக் கேமராவோடு வருகிறேன், சைக்கிளில் பாகூர் ஏரிக்குப் போகலாம் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். ஊசுட்டேரி இன்னும் பெரியது, ஆனால் புதுச்சேரியைத் தாண்டிப் போகணும். நமக்குப் பாகூரே சரி. கேமராவைக் கேரியரில் கட்டிக்கொள்ளலாம் என்றாயே, அது மட்டும் வேண்டாம்.

போன மார்கழியில் நான் அப்படித்தான் போனேன். துண்டு சுற்றி, பைக்குள் வைத்து, கயிறு போட்டு இறுக்கியிருந்தேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, கன்னியக்கோயிலில் திரும்பி, ஏரிக்கரையில் போய் நின்றால் எதிரே நத்தைகுத்தி நாரைகள். அவசரமாக எடுத்து லென்ஸைத் திருப்புகிறேன், வளையம் தொளதொளவென்று ஆடுகிறது. பையின் மடிப்பில் துழாவினேன். எள்ளளவு திருகாணி ஒன்று விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. மனசே விட்டுப்போச்சு. அன்றைக்கு ஒரு படம்கூட எடுக்கவில்லை.

கேரியர் பின்சக்கரத்தோடு சேர்த்து முடுக்கியது. நடுவே ஸ்பிரிங் ஏதும் கிடையாது. பள்ளத்தில் விழும் குலுக்கலைவிட, வழியெல்லாம் ஓயாமல் வரும் பொடி அதிர்வுதான் திருகாணிகளைக் கழற்றுகிறது. உடம்பில் மாட்டிக்கொண்டால் கையும் காலும் இடுப்பும் அதை வாங்கிக்கொள்ளும். அதற்காகக் கழுத்தில் தொங்கவிடாதே, குனியும்போதெல்லாம் ஊசலாடி ஹேண்டில்பாரில் இடிக்கும்.

நான் இப்போது சின்னப் பை ஒன்றைத் தோளிலிருந்து குறுக்காக மாட்டி, பின்னிடுப்புக்குத் தள்ளிவிடுகிறேன். ஒற்றைப் பட்டை மட்டும் இருந்தால், மிதிக்க மிதிக்கப் பை வழுக்கி வயிற்றுக்கு வந்துவிடும். அதனால் பை தைக்கிறவரிடம் சொல்லி, இடுப்பைச் சுற்றி இன்னொரு பட்டையும் பிளாஸ்டிக் கொக்கியும் வைத்தேன். நிறுத்தியதும் கொக்கியைத் தட்டி, பையை முன்னால் இழுத்தால் போதும், பறவை கிளம்புவதற்குள் கேமரா கையில் இருக்கும். ஒன்று கவனி, பை முதுகுத்தண்டின் மேலே நேராக உட்காரக் கூடாது. விழுந்தால் அடி அங்கேதான் படும். கொஞ்சம் பக்கவாட்டில் சரித்துவிடு. நீள லென்ஸ் என்றால் கழற்றித் தனியாக வை, இல்லையென்றால் அந்தக் கனமெல்லாம் மாட்டுகிற வாயில்தான் இறங்கும்.

முதுகு வியர்வை பைக்குள் இறங்கும், கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொள். அப்புறம், தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் போவோம். அங்கே மணல் பறக்கும்போது லென்ஸ் மாற்ற வேண்டாம். உப்புக்காற்று பட்டதை லேசாக ஈரத்துணியால் துடைத்து, வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைப்போம். நம்ம ஊர் ஈரத்துக்குக் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலமே போதும்.

லென்ஸ் மாட்டிய நிலையில் உன் கேமராவின் நீளம், அகலம், உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுது. உனக்கும் ஒரு பை தைக்கக் கொடுத்துவிடுகிறேன். பொங்கல் நெருங்கினால் தைக்கிறவருக்கு வேலை குவிந்துவிடும், சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்