கேமராவைத் தராசுக்கு மேலே மாட்டுங்கள்: மளிகை வியாபாரிகள் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் மளிகை, சூப்பர் மார்க்கெட் வியாபாரிகள் சங்க நிர்வாகிகளுக்கு,

அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

பொருளைக் கேமராவுக்கு முன்னால் வைத்தால் போதும், ஏஐ அதுவே இனம் கண்டு பில் போட்டுவிடும் என்று சொல்லி விற்பவர்கள் நம் பக்கத்துக் கடைகளுக்கும் வருகிறார்கள். உறுப்பினர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சங்கம் இதில் தலையிட வேண்டும் என்பதற்காகவே இந்த மடல். எங்கள் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம்: பார்கோடு உள்ள சரக்குக்கு இந்தக் கேமரா வேண்டாம். லூஸ் சரக்கு எடை போடும் தராசுக்கு மேலே மாட்டினால் போட்ட துட்டுக்கு வேலை செய்யும்.

டெமோவில் நூற்றுக்கு 98 சரி என்று காட்டுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாதச் சாமான் வாங்க வருகிறவர் 20 பொருளாவது எடுப்பார். ஒவ்வொன்றும் 98 என்றால், இருபதும் சரியாக வருவது நூறு பில்லில் 67தான். மூன்றுக்கு ஒரு பில்லில் எங்கேயாவது தப்பு இருக்கும். 99.5 என்று உயர்த்தினாலும் பத்தில் ஒரு பில் தப்பும். பார்கோடு ஸ்கேனர் சில நேரம் படிக்காமல் முரண்டு பிடிக்கும், ஆனால் ஒன்றை வேறொன்றாகப் படிப்பது அபூர்வம். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண் என்பதால் தப்பாகப் படித்ததை அதுவே தள்ளிவிடும்.

கேமரா தப்புவதற்குக் காரணம் எளிது. ஒரே சோப்பின் சின்ன அளவும் பெரிய அளவும் உறையில் அச்சாக ஒன்றுபோல இருக்கும். பிரித்தறிய எடை எழுத்தைப் படித்தாக வேண்டும். 1920 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள கேமரா 50 செ.மீ. மேசையைப் பார்த்தால் ஒரு செ.மீ.க்கு 38 புள்ளி, 3 மி.மீ. எழுத்துக்குக் கிடைப்பது 11தான். தப்பில்லாமல் படிக்க 20 புள்ளியாவது வேண்டும். 4கே கேமராவில் 23 வரும், ஆனால் எழுத்துப் பக்கம் மேலே தெரிய வேண்டும். கவிழ்த்து வைத்தால் அதுவும் போச்சு. விலை இன்னொரு தலைவலி. பழைய ஸ்டாக் ஒரு எம்ஆர்பி, புது லோடு ஒரு எம்ஆர்பி, உறை மட்டும் அதேதான். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதம் மாறியபோது இது எவ்வளவு பெரிய குழப்பம் என்று கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பார்கோடிலும் எம்ஆர்பி கிடையாதுதான். ஆனால் பில்லிங் சாப்ட்வேர் இரண்டு விலையையும் காட்டிக் கேட்கும். பொருளே சந்தேகம் என்கிறபோது விலைக் கேள்வியும் சேர்ந்தால் வரிசை நகராது.

எடுத்த பொருளைக் கேமராவே பார்த்துப் பில் போடும், வரிசையே இல்லாத கடையை 2018 ஜனவரியில் சியாட்டிலில் திறந்த அமேசானே, 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் உள்ள தன் ஃப்ரெஷ் மளிகைக் கடைகளிலிருந்து அந்த ஏற்பாட்டை எடுப்பதாக அறிவித்தது.

தராசு விஷயம் வேறு. லூஸ் சரக்குக்குப் பையன் இன்று ஐட்டம் கோடை மனப்பாடமாகத் தட்டுகிறான். புதிதாகச் சேர்ந்தவன் வெள்ளை உளுந்துக்குத் தொலி உளுந்தின் எண்ணைத் தட்டினால் அன்றைய கணக்கில் தெரியாது, ஸ்டாக் எடுக்கும்போதுதான் உதைக்கும். இங்கே கேமரா முடிவெடுக்க வேண்டியதில்லை. நாலு பெயரைத் திரையில் காட்டினால் போதும், பையன் ஒன்றைத் தொடுவான். எடை தராசிலிருந்து வரும், விலை சாப்ட்வேரிலிருந்து வரும்.

மாட்டும் முறையில்தான் பாதி வெற்றி. தட்டுக்கு நேர் மேலே 60 முதல் 70 செ.மீ. உயரத்தில், கீழ்நோக்கி. 2 மெகாபிக்சல் போதும், எழுத்துப் படிக்கிற வேலை இல்லை. ஆட்டோ ஃபோகஸ், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவே நிறத்தை மாற்றுவது) இரண்டையும் நிறுத்திப் பூட்டிவிட வேண்டும்; இல்லையென்றால் கடலைப்பருப்பின் மஞ்சள் வேளைக்கு ஒன்றாக மாறும். எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம், 1/50 அல்லது 1/100 விநாடி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடி விநாடிக்கு 100 தடவை மினுக்கும். வேறு வேகம் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். எவர்சில்வர் தட்டு கண்ணைக் கூச வைக்கும், அதன் மேல் பளபளப்பில்லாத சாம்பல் நிற ரப்பர் விரிப்பு போட்டு, அதன் எடையைக் கழித்துத் தராசைப் பூஜ்யமாக்கி (டேர்) வைத்துக்கொள்ளுங்கள். எடை போடும்போது கவரின் வாய் திறந்திருக்கட்டும். கட்டிய கவரின் பளபளப்பில் சீரகமும் சோம்பும் ஒன்றாகிவிடும்.

ஒரு ஐட்டத்துக்கு 40 படம் எடுங்கள்: காலை, மதியம், இரவு விளக்கில், 100 கிராமும் 1 கிலோவும், கை பாதி மறைத்தபடி ஐந்தாறு. கிழக்குப் பார்த்த கடையில் காலை வெயில் தட்டில் விழும். அந்த வெளிச்சத்தில் எடுத்த படம் இல்லையென்றால் தினமும் காலையில் மட்டும் தப்பும், கம்பெனிக்காரர் மதியம் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று போவார். ஏத்தன் பழத்தைப் பச்சையாக, பழுத்து, தோல் கறுத்து என மூன்று நிலையிலும் எடுக்க வேண்டும். புதுச் சரக்கு சேர்க்க முழு மாடலையும் (சரக்கை இனம் காணும் ஏஐ) திரும்பப் பழக்க வேண்டும் என்றால் அந்தச் சாப்ட்வேர் வேண்டாம். படத்தை எண் வரிசையாக மாற்றி, சேமித்து வைத்ததோடு ஒப்பிடும் முறை இருக்கிறது. அதில் பத்துப் படம் பதிந்தால் புதுச் சரக்கு உள்ளே வந்துவிடும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறதா என்றும் பாருங்கள். வெறுங்கையைத் தட்டில் வையுங்கள். இஞ்சி என்று வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம். அதேபோல, உடன்குடிக் கருப்பட்டி அசலா, சீனி கலந்ததா என்பதை இந்தக் கேமரா கண்டுபிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தராசைக் கணினியோடு சேர்க்கப் பின்னால் உள்ள ஆர்எஸ்-232 போர்ட்டையே (கணினி வயர் செருகும் இடம்) பயன்படுத்தச் சொல்லுங்கள். வயர் கொடுக்கிறேன் என்று மூடியைக் கழற்றி முத்திரையை உடைத்தால், தொழிலாளர் துறையில் மறுபடி முத்திரை வாங்காமல் அந்தத் தராசில் வியாபாரம் செய்யக் கூடாது. கேமராவில் தட்டு மட்டும் தெரியட்டும், வாடிக்கையாளர் முகம் வேண்டாம். கணக்குப் போடும் கணினி கடைக்குள்ளேயே இருக்கட்டும். நெட் போனதும் நின்றுவிடுகிற தராசால் சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் பிரயோஜனமில்லை.

சங்கத்திடம் நாங்கள் கேட்பது, எல்லாக் கடைக்கும் பொதுவான ஒரு சோதனை. கடையின் சொந்தச் சரக்கு 50 வகை, அதனுடன் பழக்காத 5 வகை. கூட்டமுள்ள நேரத்தில் 500 எடை. முதல் பெயரே சரியாக வந்தது எத்தனை, நாலு பெயருக்குள் வந்தது எத்தனை, பழக்காததைத் தெரியாது என்றது எத்தனை என்று மூன்றையும் எழுதி, ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எடுத்த படங்கள் கடைக்காரருக்கே சொந்தம், கம்பெனி மாறினால் படங்களும் கையோடு வரும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். இந்தப் படங்களைச் சங்கமே சேர்த்து வைத்தால் சின்னக் கடைக்காரர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

சம்மதம் என்றால் பருப்பு வகையில் தொடங்கலாம், அடுத்து வாழைப்பழம். அரிசியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். இட்லி அரிசியையும் சாப்பாட்டுப் புழுங்கலையும் 60 செ.மீ. உயரத்திலிருந்து 2 மெகாபிக்சல் கேமரா நம்பகமாகப் பிரிக்காது. அதற்குக் கிட்டத்தில் இன்னொரு கேமரா வேண்டும், செலவும் கூடும்.

இப்படிக்கு,
நெல்லை வட்டாரத்தில் பில்லிங், தராசு, கேமரா வேலை பார்க்கும் சிலர்