பைத்தானுக்கும் பதிப்பெண் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் கணினி ஆய்வகங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எத்தனை கணினிகள் இருக்கின்றன, எத்தனை பழுதாகிக் கிடக்கின்றன என்ற கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கணினிக்குள் நிரல்மொழியின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், என் வேலைநேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது இந்தக் கேள்விதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். அதற்கு முந்தைய 2 வரிசைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆயினும் 2 வரிசையில் எழுதப்பட்ட பயிற்சித் தாள்கள் நகலெடுக்கப்பட்டு இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில், விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இருக்காது. அதைப் புதிய பதிப்பில் இட்டால் பிழைச்செய்தி வரும், மாணவர்களும் உடனே கேட்டுவிடுவார்கள். எனக்குக் கவலை தருவது வேறு வகைப் பிழை. ஐந்தை இரண்டால் வகுக்கச் சொன்னால் பழைய வரிசை 2 என்று சொல்லும், புதிய வரிசை 2.5 என்று சொல்லும். இரண்டுமே எந்த எச்சரிக்கையும் காட்டுவதில்லை. சராசரி மதிப்பெண் கணக்கிடும் நிரலில் விடை தவறினால், மாணவன் தன் தர்க்கத்தைத்தான் சந்தேகிக்கிறானே ஒழிய, கணினியிலுள்ள பதிப்பைச் சந்தேகிப்பதில்லை.

3 வரிசைக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. இப்போது ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆதரவு. விண்டோஸ் 7 உள்ள கணினிகளில் 3.8 வரை மட்டுமே நிறுவ முடியும், 3.9 அங்கே ஏறாது. எங்கள் ஆய்வகத்தில் அத்தகைய பழைய கணினிகளும் இருக்கின்றன, புதியவையும் இருக்கின்றன. மறுபுறம், 2023-இல் வந்த 3.12-இல் நிறுவும் வேலைக்கு உதவிய டிஸ்ட்யுடில்ஸ் என்ற பழைய தொகுதியை நீக்கிவிட்டதால், அதை நம்பியிருந்த சில நூலகங்களை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, நிறுவும்போதே தடை ஏற்படுகிறது. ஆக, ஒரே கணினியில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டிய தேவை உண்மையானது.

"பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள்" என்று ஒரு பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினி ஒன்றில் நானும் அப்படியே செய்தேன். மறுமுறை இயக்கியபோது திரையில் பட்டிகள் இல்லை, சின்னங்கள் இல்லை. கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்கும் ஒரே ஒரு வரி மட்டும் நின்றது. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அந்தப் பைத்தானை நம்பித்தான் இயங்குகின்றன என்பதை அன்றுதான் அறிந்தேன். சித்திரம் எழுத வந்தவன் சுவரையே இடித்த கதை! இத்தகைய விபத்துகளைக் குறைக்கத்தான், 2023-இல் வெளியான டெபியன் 12 முதலான லினக்ஸ் வகைகள், இயங்குதளத்துக்குரிய பைத்தானில் பிப் என்ற நிறுவு கருவி வழியாக நேரடியாக நூலகங்களைச் சேர்க்க மறுக்கின்றன. அந்த மறுப்பைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழியை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களை என்ன சொல்வது?

செலவில்லாத வழிகள் இருக்கின்றன. விண்டோஸில் 'பை' என்ற ஏவு கட்டளையோடு பதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், நிறுவப்பட்டுள்ளவற்றுள் நாம் கேட்ட பைத்தானே இயங்கும். 3.3 முதல் மொழியோடு சேர்ந்தே வரும் வென்வ் என்ற கருவி, ஒவ்வொரு பயிற்சிக்கும் தனித்தனிச் சூழலை அமைத்துத் தருகிறது. ஒன்றில் சேர்க்கும் நூலகம் மற்றொன்றைத் தொடாது. ஆனால் எந்தப் பைத்தானால் அச்சூழலை உருவாக்கினோமோ அதே பதிப்புதான் உள்ளேயும் இருக்கும். வேறு பதிப்பை அது கொண்டுவந்து தராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. லினக்ஸில் பல பதிப்புகள் வேண்டுமென்றால் பைஎன்வ் என்ற கருவி உதவும். இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாமல், பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே அது ஒவ்வொரு பதிப்பையும் வைத்துக்கொள்கிறது. மூல நிரலைத் தரவிறக்கி, இயங்கும் வடிவுக்கு அங்கேயே மாற்றித் தொகுப்பதால், இணையம் மெதுவாக உள்ள ஊர்களில் ஒரு கணினிக்கே பாட வேளை முழுவதும் போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாடத்திட்டம் வகுப்போரிடம் நான் கேட்பது இரண்டுதான். செய்முறைத் தேர்வின் வினாத்தாளிலும் ஆசிரியர் பயிற்சிக் கையேடுகளிலும் பதிப்பெண்ணை அச்சிடுங்கள். 'பைத்தான்' என்று மொட்டையாகக் குறிப்பிட்டால் போதாது. ஆண்டின் முதல் செய்முறை வகுப்பை, கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்ப்பதற்கும், ஒரு தனிச் சூழலை அமைத்து அழித்துப் பழகுவதற்கும் ஒதுக்குங்கள். எங்கள் பள்ளியில் இப்போது செய்முறைப் பதிவேட்டின் ஒவ்வொரு பயிற்சியிலும் தேதிக்குக் கீழே பதிப்பெண்ணை எழுதச் சொல்கிறேன். "வீட்டில் ஓடியது சார், இங்கே ஓடவில்லை" என்று வரும் மாணவர்கள், கேட்பதற்கு முன் அந்த எண்ணைத்தான் முதலில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்