இரட்சிப்புக்கு முன்நிபந்தனை வைப்பது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஓரினச்சேர்க்கை பற்றி வந்திருந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். 'முதலில் அந்த இச்சையிலிருந்து முழுவதும் மாறட்டும், அப்புறம் இரட்சிப்பைப் பற்றிப் பேசலாம்' என்று முடித்திருந்தார். இரட்சிப்பு என்றால் பாவத்திலிருந்து தேவன் தரும் மீட்பு. நானும் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள்தான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்றே எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள், இன்றும் அதையே நம்புகிறேன். அதனால் 'இது காலத்துக்கேற்ற பேச்சு' என்று என் கடிதத்தை ஒதுக்கிவிட முடியாது. அவர் சொல்லும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்' என்கிறது எபேசியர் 2:8. இதைத் திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லாத பிள்ளை உண்டா? இரட்சிப்பு தேவனுடைய ஈவு, அதாவது இலவசப் பரிசு, கிரியைகளினால் (நம் செயல்களினால்) உண்டானதல்ல என்றுதானே சொல்லிக்கொடுக்கிறோம்? தன்பாலீர்ப்பு உள்ள ஒருவர் ஆலயத்துக்குள் வந்தவுடன் மட்டும் ஈவு எப்படிக் கூலியாகிவிடுகிறது?

ஆதிச் சபைக்கும் இதே சிக்கல் வந்தது. 'விருத்தசேதனமடையாவிட்டால் (யூத முறைப்படி நுனித்தோல் நீக்கிக்கொள்ளாவிட்டால்) இரட்சிக்கப்படமாட்டீர்கள்' என்று சிலர் அந்தியோகியாவுக்கு வந்து போதித்தார்கள். அப்போஸ்தலரான பவுலும் பர்னபாவும் அவர்களோடு வாக்குவாதம் பண்ணி, விஷயம் எருசலேம் வரைக்கும் போனது. பிதாக்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தைச் சீஷர் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டவர் பேதுரு (அப்போஸ்தலர் 15). அதே அதிகாரத்தில் வேசித்தனத்துக்கு விலகியிருங்கள் என்றும் எழுதியிருக்கிறதே என்பார் கடிதக்காரர். எழுதியிருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் அது உள்ளே வந்துவிட்டவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொன்னது. உள்ளே வர ஒரு சாராருக்கு மட்டும் போட்ட நுழைவுத் தேர்வு அல்ல.

அவர் காட்டிய 1 கொரிந்தியர் 6:9-11க்கு வருகிறேன். தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்கமாட்டார்கள் என்ற அந்தப் பட்டியலில் ஆண்புணர்ச்சிக்காரர் இருப்பது உண்மை. அதே மூச்சில் பொருளாசைக்காரரும் வெறியரும் (குடிகாரரும்) உதாசினரும் (பழிதூற்றுபவரும்) இருக்கிறார்கள். பொருளாசைக்காரர் என்று யாரையாவது உபவாச ஜெபத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் நான் பார்த்ததில்லை. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்குப் பெரிய தொகை எழுதினால் அவரை முன்வரிசையில் உட்காரவைப்போம். 'கழுவப்பட்டீர்கள்' என்ற 11ஆம் வசனத்தைப் பிடித்துக்கொண்டு, கழுவப்பட்டால் ஈர்ப்பே இருக்காது என்கிறார். அந்த வசனத்தில் அப்படி ஒரு வாக்குத்தத்தம் இல்லை. ஓரினச்சேர்க்கையைக் கண்டிக்கும் ரோமர் முதல் அதிகாரத்தை ஓங்கி வாசிப்பவர்களும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கமே 'நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை' என்பதுதான்.

இந்த 'மாற்றம்' எங்கேயாவது நடந்திருக்கிறதா? அமெரிக்காவில் 1976இல் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்று ஓர் அமைப்பு தொடங்கியது. ஜெபத்தாலும் ஆலோசனையாலும் ஓரினச்சேர்க்கையாளரை மாற்றுவோம் என்று சொல்லி, இருநூறுக்கும் மேற்பட்ட கிளைகளோடு வளர்ந்தது. பெற்றோரும் போதகர்களும் நம்பிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் 2012 ஜனவரியில், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவே இல்லை என்று மேடையில் ஒப்புக்கொண்டார். மணமாகிப் பிள்ளைகளோடு வாழ்ந்த அவரே, தன் ஈர்ப்பும் முற்றிலும் போய்விடவில்லை என்றார். 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடிவிட்டார்கள். மூடியது விசுவாசத்தை விட்டவர்கள் அல்ல, அதே சுவிசேஷச் சபைக்காரர்கள். முப்பத்தேழு வருஷம் முழு முயற்சியோடு செய்து பார்த்துவிட்டு அவர்கள் விட்டதை நம் ஊரில் இப்போது 'விடுதலை ஜெபம்' என்று தூக்கிப்பிடிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். பாடகர் குழுவில் டெனர் (உயர்ந்த ஆண்குரல்) பாடுவான், கீர்த்தனையை எடுத்துக் கொடுப்பதே அவன்தான். விஷயம் வீட்டில் தெரிந்ததும் ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். தலையில் எண்ணெய் ஊற்றி, காதுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, அவனுக்குள் இருக்கும் ஆவியின் பெயரைக் கேட்டார்களாம். அவன் தன் பெயரைத்தான் சொன்னான். அதற்கும் ஓர் அறை விழுந்தது. வெளியே வந்த பிறகு அவன் பாடுவதை விட்டுவிட்டான், ஆலயத்துக்கும் வருவதில்லை. அவன் அம்மா காணிக்கைக் கவரில் போட்ட பணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இதைவிட மோசம், 'கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்' என்ற ஆலோசனை. மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பார்கள், தடை உண்டா என்று சபையைக் கேட்பார்கள். தடை இருப்பது மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும், சில இடங்களில் போதகருக்கும் தெரியும். தெரியாதவள் மணப்பெண் ஒருத்திதான். அப்புறம் வருஷக்கணக்கில் 'உன்னிடம்தான் குறை' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஓரினச்சேர்க்கை பாவம் என்று மணிக்கணக்கில் பிரசங்கிப்பவர்கள், தெரிந்தே ஒரு பெண்ணுக்குச் செய்யும் இந்தத் துரோகத்தை எந்தப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்?

உலகச் சபைகள் எல்லாம் ஒரே மாதிரி பேசவில்லை என்பதும் உண்மை. தன்பால் ஜோடிகளை ஆசீர்வதிக்க முடியாது என்று 2021இல் சொன்ன வத்திக்கான், 2023 டிசம்பர் 18 அன்று, திருமணம் போலத் தோன்றாத சுருக்கமான ஆசீர் தரலாம் என்றது. அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஆயர்கள் எங்களால் முடியாது என்றார்கள். ஐக்கிய மெதடிஸ்ட் சபை, ஓரினச்சேர்க்கை கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று 1972இல் எழுதிவைத்த கண்டன வாசகத்தை 2024இல் நீக்கியது. அதற்குள் அமெரிக்காவில் அதன் சபைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பிரிந்து போயிருந்தன. இந்தச் சண்டை என் காலத்தில் முடியாது. ஆனால் கத்தோலிக்க மறைக்கல்வி நூல்கூட, செயலைத் தவறு என்று சொல்லிவிட்டு, ஆட்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்கவேண்டும், அநியாயமாக ஒதுக்கக்கூடாது என்கிறது. ஈர்ப்பு மாறினால்தான் இரட்சிப்பு என்று அதுவும் சொல்லவில்லை.

சட்டமும் இங்கே தெளிவு. தன்பால் உறவையும் குற்றமாக்கியிருந்த, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு மனமொத்த வயது வந்தோருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொல்லிவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், சிகிச்சை என்ற பெயரில் பாலீர்ப்பை மாற்ற முயல்வதற்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தீர்ப்பளிப்பதற்கு முன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமே ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நம் போதகர்களில் எத்தனை பேர் அப்படி உட்காருவார்கள் என்று தெரியவில்லை.

அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தை எளிய தமிழில் தங்கள் இதழில் வெளியிட்டால், எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் நான் வாசிக்கிறேன். குருவானவரிடம் அனுமதி வாங்குவது என் பாடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி மாவட்டம்.