கொடி நாள் கச்சேரிக்கும் பட்டாளத்துக் குடும்பங்களின் உதவி அறைக்கும் நன்கொடை வேண்டுகிறோம்

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும், இப்போது பணியில் இருக்கும் தம்பிகளுக்கும் விழாக் குழுவின் வணக்கம்.

வருகிற டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அதாவது படைவீரர் கொடி நாளுக்கு முந்தின நாள், நம் ஊர் மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் ஓர் இன்னிசைக் கச்சேரி நடத்துகிறோம். தொகுத்து வழங்கப் போகிறவர்கள் இரண்டு பண்பலை அறிவிப்பாளர்கள். வேலூர் வட்டாரத்தில் காலையில் டீக்கடை, ஷேர் ஆட்டோ, அடுப்படி என்று எங்கே போனாலும் கேட்கிற குரல்கள். சம்பளம் வேண்டாம், வந்து போகும் செலவு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். நிலையத்தின் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் பேர் போட வேண்டும் என்றார்கள், அதனால் இங்கே போடவில்லை. குரலைக் கேட்டால் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நுழைவு இலவசம். அப்புறம் எதற்கு நன்கொடை என்று கேட்பீர்கள். கச்சேரிச் செலவு ஒரு பக்கம். கச்சேரியே எதற்காகவோ அந்த உதவி அறை இன்னொரு பக்கம்.

அறையின் கதை வானொலியில்தான் தொடங்கியது. போன கொடி நாளன்று காலை நிகழ்ச்சியில் பட்டாளத்துக் குடும்பங்களைப் போனில் பேசச் சொன்னார்கள். பாட்டுக் கேட்பார்கள், மகனுக்கு வாழ்த்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். நம் ஊர் அக்கா ஒருவர் லைனில் வந்து, “எனக்குப் பாட்டு வேணாம்பா. அவரு போய் ஒரு வருஷம் ஆகுது, குடும்ப பென்ஷன் இன்னும் வரல. யாருகிட்ட போறதுன்னு மட்டும் சொல்லு” என்று கேட்டுவிட்டார். அறிவிப்பாளருக்குப் பதில் தெரியவில்லை. விளம்பரம் போட்டுச் சமாளித்தார்களாம். ஆனால் அதோடு விடவில்லை. அடுத்த வாரமே இரண்டு பேரும் பைக்கில் கிளம்பி நம் ஊருக்கு வந்து, அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காகிதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள்.

அதில் தெரிந்தது இதுதான். ஆதாரில் முனியம்மாள். கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் முனியம்மா. பிறந்த தேதியும் இரண்டிலும் வேறு வேறு. கல்யாணம் ஆனபோது குடும்ப விவரத்தைப் பதிய படைப்பிரிவில் போட்ட பார்ட் டூ ஆர்டர் என்ற ஆணையில் யாரோ எழுதிய ஒரு எழுத்து, முப்பது வருடம் கழித்து ஒரு விதவையின் சோற்றில் வந்து நின்றது. இதைச் சரிசெய்ய நோட்டரி கையெழுத்துடன் ஒரு பிரமாணப் பத்திரம், படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு விண்ணப்பம், அங்கிருந்து பதில் வந்ததும் ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் பதிவு. தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பெரிய வேலை இல்லை. தெரியாதவர் வேலூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறியே பாதி பென்ஷனைத் தொலைப்பார். கடைசியில் நம் தெருவிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற கிளார்க் ஹவில்தார் ஒருவர்தான் அந்தக் காகிதத்தை நேராக்கிக் கொடுத்தார். இப்போது பென்ஷன் வருகிறது.

இப்படி இன்னும் பல வீடுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். கருங்கல்லிலும் கழனியிலும் தேய்ந்த விரலைக் கைரேகைக் கருவி ஏற்றுக்கொள்வதில்லை. செல்போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ் சான்றை எடுக்கலாம் என்பது பல பெரியம்மாக்களுக்குத் தெரியாது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, பெண்ணின் திருமணத்துக்கு உதவி, முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஎச்எஸ் மருத்துவ அட்டை என்று அரசு கொடுப்பது நிறைய. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும். என்ன கேட்க வேண்டும், எந்தத் தாளோடு போக வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்த ஆளையும் அறையையும் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். பூட்டிக் கிடக்கும் பழைய ரேஷன் கடைக் கட்டடத்தை ஊராட்சி வாடகை இல்லாமல் தரச் சம்மதித்திருக்கிறது. கிளார்க் ஹவில்தார் வாரத்தில் மூன்று நாள் சும்மாவே வந்து உட்காருகிறேன் என்கிறார். கணினி தெரிந்த ஒரு பெண்ணைப் பகுதி நேரமாக வைக்க வேண்டும். ராணுவத்தில் அப்பாவை இழந்த ஒரு பிள்ளைக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம்.

இதற்குக் கச்சேரி எதற்கு, நேராக வசூல் பண்ணலாமே என்று குழுவிலேயே இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொடி நாள் என்றால் ஆபீசில் சம்பளத்தில் பிடிப்பதும், பள்ளியில் பிள்ளைகள் கையில் உண்டியலைக் கொடுப்பதும் என்று ஆகிவிட்டது. 1949 முதல் டிசம்பர் 7-ஐக் கொடி நாளாகக் கொண்டாடுகிறோம். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று அந்தச் சின்னக் கொடியில் உள்ள மூன்று நிறமும் முப்படைகளுக்கானவை என்பதுகூடப் பலருக்கு மறந்துபோயிற்று. ஒரு மாலை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று ஊருக்குத் தெரியும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. காய்கறிப் பையோடு தினமும் அதைத் தாண்டிப் போகிறோம், எத்தனை பேர் நின்று படித்திருப்போம்?

பட்டாளத்துக்காரருக்கும் ரேடியோவுக்கும் உள்ள உறவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விவித் பாரதியில் ஜவான்கள் விரும்பிக் கேட்ட பாட்டுகளைப் போடும் ‘ஜெயமாலா’ நிகழ்ச்சிக்குக் கடிதம் எழுதியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அது இந்திப் பாட்டு. தமிழ் கேட்க வேண்டுமென்றால் சிற்றலையில் இலங்கை வானொலியைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஏரியல் கம்பியைக் கூடாரத்துக் கயிற்றில் சுற்றி, இரைச்சலுக்கு நடுவே அதன் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலைப் பிடித்த கதையைச் சொல்லாத பெரியவர் இல்லை. அன்று மாலை அவர்களில் நாலைந்து பேரை மேடையில் உட்காரவைத்து அறிவிப்பாளர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். கச்சேரியைவிட நாங்கள் ஆவலாக இருப்பது அதற்குத்தான்.

ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிட்டோம். மேடையில் கட்சிக் கொடி இல்லை, கட்சிக்காரர் பேச்சு இல்லை, அடுத்த நாட்டைத் திட்டிக் கைதட்டு வாங்கும் வசனம் இல்லை. எல்லையில் நின்று வந்தவர்களுக்கே அது பிடிப்பதில்லை.

கணக்கு பற்றியும் சொல்ல வேண்டும். குழுவில் உள்ள ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா, மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தபோது இப்படி ஒரு கச்சேரிக்குப் போயிருக்கிறார். ஜாக்சன் என்ற ஊரில், சிக்ஸ் ஃப்ளாக்ஸ் என்ற பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குள். நடத்தியவர் அமெரிக்க வானொலிப் பேச்சாளர் ஷான் ஹானிட்டி. போரில் இறந்த, ஊனமடைந்த வீரர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி கொடுக்கும் ‘ஃப்ரீடம் அலையன்ஸ்’ என்ற அமைப்புக்காக அவர் 2003-லிருந்து சில வருடங்கள் இந்தக் கச்சேரிகளை நடத்தினார். ஒரு பக்கம் ராட்டினத்தில் பிள்ளைகள் அலற, இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நெஞ்சில் கை வைத்துப் பாடியதை ஐயா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாட்டுக்கு நடுவே பேச்சுத்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்பார். ரேடியோக்காரர்கள் என்றால் அப்படித்தானே. ஆனால் அந்தக் கச்சேரிகளில் வசூலான பணத்தில் எவ்வளவு பிள்ளைகளுக்குப் போகிறது, எவ்வளவு செலவுக்குப் போகிறது என்று 2010-ல் அங்கே கேள்வி எழுந்தது. அந்த அமைப்பு குற்றச்சாட்டை மறுத்தது. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். கேள்வி மட்டும் நமக்கும் பொருந்தும், அதை யாரும் கேட்கும் முன்பே பதிலை வைத்துவிடுகிறோம்.

கச்சேரிக்கு ஒரு கணக்கு, அறைக்கு ஒரு கணக்கு, இரண்டும் தனித்தனி வங்கிக் கணக்கு. பந்தலும் மேடையும் 45,000 ரூபாய். ஒலி, ஒளி 40,000. பாட்டுக்குழுவுக்கு 75,000. பதிவு செய்த இசை டிராக்கைப் போட்டுப் பாடினால் பாதிச் செலவில் முடிந்துவிடும்தான், ஆனால் தபேலாவும் கீபோர்டும் கண்ணெதிரே வாசிக்க வேண்டும் என்று ஊரே கேட்கிறது. ஜெனரேட்டர், பாட்டுகளுக்கான ஐபிஆர்எஸ் உரிமம், காவல்துறை அனுமதி, தண்ணீர், சுக்குக் காப்பி எல்லாம் சேர்த்து 20,000. ஆக 1,80,000. இதைக் கடைக்காரர்கள், அரிசி ஆலைக்காரர்கள், செங்கல் சூளைக்காரர்களிடம் கேட்கிறோம். மேடைக்குப் பின்னால் உள்ள பேனரில் உங்கள் கடைப் பேர் வரும். மிச்சம் வந்தால் அறைக்குப் போகும். குறைந்தால் குழுவில் உள்ளவர்கள் கையிலிருந்து போடுவோம், அறைப் பணத்தைத் தொட மாட்டோம்.

அறைக்கு இரண்டு வருடத்துக்கு 3,00,000 வேண்டும். ஒழுகும் கூரையைச் சரிசெய்ய 54,000. கணினி, பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, யுபிஎஸ் சேர்த்து 90,000. அந்தப் பெண்ணுக்கு மாதம் 5,000 வீதம் 1,20,000. கரண்டுக்கும் இணையத்துக்கும் மாதம் 1,500 வீதம் 36,000. கச்சேரியன்று உண்டியலில் விழும் ஒவ்வொரு ரூபாயும் இதற்கே. பத்து ரூபாயானாலும் போடுங்கள்.

பணம்தான் வேண்டும் என்றில்லை. நல்ல நிலையில் இருக்கும் பழைய லேப்டாப், இரண்டு மேசை, ஒரு பீரோ கொடுத்தாலும் சரி. கொத்தனார் தம்பிகள் கூரைக்கு ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்தால் அதுவும் நன்கொடைதான். கார்த்திகை மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, தார்ப்பாய் வைத்திருப்பவர்கள் கடனாகத் தந்தால் புண்ணியம். பட்டாளத்துப் பழைய புகைப்படங்கள், மெடல்கள் இருந்தால் மைதானத்து வாசலில் காட்சிக்கு வைக்கிறோம், ராத்திரியே பத்திரமாக வீட்டில் சேர்த்துவிடுவோம்.

நம் குழு பதிவு செய்த அறக்கட்டளை அல்ல. அதனால் இங்கே கொடுக்கும் பணத்துக்கு வரிவிலக்கு கிடையாது. வரிவிலக்கு வேண்டுபவர்கள் அரசின் படைவீரர் கொடி நாள் நிதிக்கு நேராக அனுப்பிவிடலாம், எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நவம்பர் 22-க்குள் பணம் வந்தால்தான் பாட்டுக்குழுவுக்கு முன்பணம் கொடுக்க முடியும். ஊராட்சி அலுவலகத்தில் மாலை ஐந்து முதல் ஏழு வரை பொருளாளர் இருப்பார். இரண்டு வங்கிக் கணக்கு எண்களும் அங்கே பலகையில் ஒட்டியிருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது வேறு எண்ணை அனுப்பினால் நம்ப வேண்டாம். வரவு செலவை டிசம்பர் 20 அன்று அதே பலகையில் ஒட்டுவோம். ஒலிபெருக்கி ராத்திரி பத்து மணிக்கு நின்றாக வேண்டும், எனவே ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், குழுவில் உள்ளவராக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
கொடி நாள் விழாக் குழுவினர்