உளுந்தூர்பேட்டை சாலையில் உதவிய ஓட்டுநர் அண்ணனுக்கு நன்றி

விழுப்புரத்தைத் தாண்டி உளுந்தூர்பேட்டை நோக்கிச் செல்கையில், எங்கள் பழைய காரில் ஹீட்டருக்குப் போகும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஹோஸ்களை இணைக்கும் பிளாஸ்டிக் ஜாயின்ட் உடைந்து பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியபோது, தம் லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்து உதவிய, பெயர் தெரியாத ஓட்டுநர் அண்ணனுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

ரேடியேட்டர் மூடியில் யாரும் கை வைக்கவேண்டாம் என்பதுதான் அவர் சொன்ன முதல் சொல். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், திறந்த நொடியில் முகத்தில் சீறியடிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். எஞ்சின் ஆறிய பிறகு, பல்லாண்டுச் சூட்டில் அப்பளம்போல் நொறுங்கிக்கொண்டிருந்த ஜாயின்டின் எச்சத்தை, ஒரு துணுக்கும் உள்ளே விழாதபடி குறடால் எடுத்து, பிளந்திருந்த ஹோஸ் நுனியை நேராக வெட்டி, தம் பெட்டியில் இருந்த பித்தளைக் குழாய்த் துண்டைச் செருகி, இருபுறமும் கிளிப் போட்டு முறுக்கினார். தண்ணீர் ஊற்றியதோடு விடாமல், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி அடங்கும்வரை நின்று மட்டம் நிரப்பினார். இந்தக் கவனத்தைப் பல பணிமனைகளில்கூட நான் கண்டதில்லை.

புதிய ஜாயின்ட் போட்டு, கூலன்டும் மாற்றிவிட்டோம். அந்தப் பித்தளைத் துண்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அண்ணனை அறிந்தவர்கள் தெரியப்படுத்தினால் நேரில் வந்து ஒப்படைப்போம்.